கை விஷயம்

எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் ‘ரெஃபர்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், வீட்டில் இருப்பவர்கள் சொந்தக்காரர்களுக்குப் போன் போட ஆரம்பித்துவிடுவார்கள். மாத்திரை கொடுத்து அனுப்பினால் பிழைத்துக்கொள்வான் என்று அர்த்தம். ரெஃபர் என்றால் மலையிறங்கிப் போகிற ஆள் திரும்ப ஏறி வருவது சந்தேகம். என் மாமனாரை அப்படித்தான் அனுப்பினார்கள்.

அதனால், கீழே டவுன் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காக என்னோடு பேசிக்கொண்டிருந்த கவுன்சிலர் பெண் ஒரு நாள், “உங்கள இன்னொரு டாக்டர்கிட்டயும் ரெஃபர் பண்ணலாம்னு இருக்கேனுங்கக்கா” என்றதும் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. சரி, இவளும் என்னைக் கைகழுவிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் சொன்னதில் ‘இன்னொரு டாக்டர்கிட்டயும்’ என்பதில் இருந்த ‘உம்’ எனக்குக் கேட்கவே இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். லயத்து வீடு கையில் இருக்க வேண்டுமென்றால் வீட்டில் ஒருத்தராவது எஸ்டேட்டில் பேர் பதிந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு இடுப்பு போனது, நான் பேர் பதிந்தேன். கவலைப்படுவதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் நிற்பேன். மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அவள் போனை எடுக்கவில்லை என்றால் பஸ் கவிழ்ந்ததில் ஆரம்பித்து அடக்கப் பூசை வரைக்கும் யோசித்து முடித்துவிடுவேன். அவள் திரும்பக் கூப்பிட்டு, “குளிச்சிட்டு இருந்தேம்மா” என்பாள். வீட்டுக்காரர் பேக்டரியில் வேலை. “உனக்குக் கொழுந்து பறிக்கச் சம்பளம் குடுக்காகளா, கவலைப்படக் குடுக்காகளா?” என்று சிரிப்பார்.

சூரியநெல்லிக்கு மேலே எங்கள் பக்கம் ஆனை புதிதில்லை. அதை ஆனை என்றுகூடச் சொல்ல மாட்டோம், ‘பெரியவர்’ என்போம். பெரியவர் எங்கே நிற்கிறார் என்று போனில் மெசேஜ் வரும். அன்றைக்குக் காலையில் பெரியவர் அடுத்த மலையில் நிற்பதாக வந்திருந்தது. நானும் வீட்டுக்காரரும் வேலைக்குக் கிளம்பினோம். கொழுந்து பறிக்கிற காட்டுக்குப் போகிற பாதையும் பேக்டரிக்குப் போகிற பாதையும் சிலுவையடி வளைவு வரைக்கும் ஒன்றுதான். பனி மூட்டம் இருக்கிற நாட்களில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். எங்கள் லயத்தில் எந்த ஆம்பிளையும் பொண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் போக மாட்டான். பனிக்குள் யாருக்குத் தெரியும்? வெயில் வந்துவிட்டால் அவர் முன்னால், நான் பின்னால். அந்தப் பனிக்கால நடை எனக்குப் பிடிக்கும். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவர் என்னிடம் சொன்ன பிரியமான வார்த்தை என்று ஒன்றும் ஞாபகமில்லை. கை ஞாபகமிருக்கிறது.

முதலில் வாசனைதான் வந்தது. பிறகு பனிக்குள் ஒரு இடம் மட்டும் கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்பு மூச்சு விட்டது. அவர் கை என் கையை விட்டது. அவ்வளவுதான். ஒரு சத்தம் இல்லை, ‘ஓடு’ என்று ஒரு வார்த்தை இல்லை. நான் தேயிலைக்கு நடுவில் தண்ணீர் ஓட வெட்டியிருந்த கானில் விழுந்தேன். எனக்கு மேலே அது நின்றது. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். அதன் தும்பிக்கை மழைக்கு என் முதுகில் கட்டியிருந்த படுதாவை முகர்ந்தது. பிறகு செடிகளை முறித்துக்கொண்டு இறங்கிப் போனது.

கொஞ்ச நேரத்தில் தகரம் தட்டுகிற சத்தம், வெடிச் சத்தம். ஆட்களோடு வீட்டுக்காரர் வந்தார். கானுக்குள் குதித்து என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடினார். லயம் முழுக்கப் பார்த்தது அதைத்தான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எப்படி நடந்தது என்று எனக்கே புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் எங்களுக்காக நன்றி மன்றாட்டு சொன்னார்கள். பூசை முடிந்ததும் அவருக்குப் பொன்னாடை போட்டார்கள். பெரியவருக்கு முன்னால் நின்று பொண்டாட்டியைக் காப்பாற்றியவர் என்று யாரோ மைக்கில் சொன்னார்கள். மகள் அந்தப் போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்தாள். மறுநாள் காலையில் பக்கத்து லயத்து மதினி வாசலில் வந்து நின்று, “அண்ணே, எங்களையும் கூட்டிட்டுப் போங்க. நீங்க முன்னால போனா எங்களுக்குப் பயமில்ல” என்றாள். அன்றிலிருந்து காலையில் அவர் முன்னால் போவார், கொழுந்துக்காரப் பெண்கள் வரிசையாகப் பின்னால் போவார்கள். அவர் மறுக்கவில்லை. முதல் நாள் தலையைக் குனிந்துகொண்டு போனார். பிறகு நிமிர்ந்தே போனார். நான் ஜன்னலுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வீட்டை விட்டு இறங்கக் கால் வரவில்லை.

அவர் தான் கையை விட்டதை மறந்துவிட்டார் என்று நான் முடிவு பண்ணினேன். பயத்தில் மனுசனுக்கு என்ன செய்தோம் என்று தெரியாது, பிறகு ஊர் சொன்னதையே அவரும் நம்பிவிட்டார் என்று நினைத்தேன். அப்படியானால் அதை அவருக்கு ஞாபகப்படுத்தக் கூடாது. ஞாபகம் வந்தால் அந்த ஆள் லயத்தில் எப்படித் தலைகாட்டுவார்? வெட்கப்பட்ட ஆம்பிளை எங்கே போவான், என்ன செய்வான் என்று எனக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் படம் ஓடும். இந்த வீடு நிற்க வேண்டுமென்றால் கை விஷயம் என்னோடு இருக்க வேண்டும்.

சாமியாரிடம் சொல்லலாமா என்று யோசித்திருக்கிறேன். ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் நம் பாவத்தைத்தான் சொல்ல முடியும். இது என் பாவம் இல்லையே.

தூக்கம் போனது. தகரம் உருண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். கம்பவுண்டர் என்னையும் ரெஃபர் பண்ணினார். வீட்டுக்காரர் முகம் செத்துப் போனது. ஆனால் ஆஸ்பத்திரியில் ஊசி போடவில்லை, படம் எடுக்கவில்லை. ஒரு சின்ன அறையில் ஒரு பெண்ணோடு உட்கார வைத்தார்கள். அவள்தான் கவுன்சிலர். என் மகளைவிட நாலைந்து வயசு கூட இருக்கும். பாலக்காட்டுப் பக்கம், கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப்புறம் ஒரு கிராமம். பேச்சில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘ங்க’ போடுவாள். எங்கள் ஆட்களிடம் அப்படியெல்லாம் யாரும் மரியாதையாகப் பேசியதில்லை. ஆபீசில் ‘நீ’தான், டிஸ்பென்சரியில் ‘நீ’தான்.

“சாப்டீங்களாக்கா? பஸ்ல நின்னுட்டா வந்தீங்க?”

“உக்காந்துதான் மேடம் வந்தேன்.”

“மேடமெல்லாம் வேண்டாங்கக்கா.”

நான் மேடத்தை விடவில்லை. ஆனால் நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, அழுகையோடு அழுகையாகக் கை விஷயத்தை அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டு உடனே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். “இது இந்த ரூமுக்குள்ளதான் இருக்கணும். சாமியார்கிட்டச் சொன்ன மாதிரி.”

“இருக்குமுங்கக்கா.”

அவளைத் தவிர இந்த உலகத்தில் யாருக்கும் அது தெரியாது என்ற நினைப்பில் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ரெஃபர் என்றாள். அவளே என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தாள்.

“அக்கா, நான் உங்கள விட்டுட்டுப் போகலீங்க. நீங்க இங்க வர்றது அப்படியேதான். அந்தக் காலையில நடந்தத தொட்டாலே நீங்க நடுங்கறீங்க, அந்த இடத்துல எனக்குப் போதுமான படிப்பு இல்லீங்க. இப்படி அடிபட்ட மனச மட்டுமே பாக்கற டாக்டர் ஒருத்தர் இருக்காரு. அவரு அந்த வேலையப் பாப்பாரு, மத்ததெல்லாம் நாம பேசுவோம். நாங்க ரெண்டு பேரும் உங்களப் பத்தி கலந்து பேசிக்குவோம்.”

“கலந்துன்னா? எல்லாத்தையுமா?”

“எதச் சொல்லலாம், எது வேண்டாம்னு நீங்கதான் சொல்லணும்.”

“ஆனை வந்ததச் சொல்லுங்க. தூக்கம் வராததச் சொல்லுங்க. கை விஷயம் வேண்டாம்.”

“கை விஷயம் எங்கிட்டயே இருக்கட்டுமுங்க” என்றாள்.

அந்த டாக்டர் கோட்டயம் பக்கத்துக்காரர். மாதத்தில் இரண்டு தடவை வருவார். வயசானவர், செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவார். என்னையும் கழற்றச் சொன்னார். “சேச்சி, கால் தரையில இருக்கா? தரை இருக்குன்னு காலுக்குத் தெரியுதா? அது போதும். பேடிக்கண்டா.” பயப்படாதே என்பதை அவர் மலையாளத்தில்தான் சொல்வார். என் இரண்டு முழங்காலையும் நானே மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டு அந்தப் பனியை நினைக்கச் சொன்னார். கொஞ்சம் நினைத்ததும் நிறுத்தச் சொல்லி, ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று கேட்பார். பைத்தியக்கார வேலை என்று நினைத்தேன். ஆனால் சில மாதம் கழித்து ஒரு நாள் பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தது. நான் கட்டிலுக்கு அடியில் போகவில்லை. அடுப்படியிலேயே நின்று, கால் தரையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

என் கவலை வேறு இடத்துக்குப் போனது. டாக்டரும் அவளும் வராந்தா ஓரத்தில் நின்று பேசுவதைப் பார்த்தால், என் பேர் காதில் விழுகிறதா என்று நிற்பேன். அவர் ஒரு தடவை, “அந்த நேரம் உடம்பில எங்க ஞாபகம் இருக்கு?” என்று கேட்டார். “நெஞ்சுல” என்று பொய் சொன்னேன். அவர் என் இடது கையைப் பார்த்த மாதிரி இருந்தது. அவள் சொல்லிவிட்டாளோ? பஸ் ஏறி வீடு வரும்வரை அதையே அரைத்துக்கொண்டு வந்தேன். அடுத்த வியாழக்கிழமை அவளிடமே கேட்டேன்.

“சொல்லலீங்கக்கா. சத்தியமா.”

“அவரு பாத்தாரே.”

“நீங்க அந்தக் கைய இந்தக் கையால தேச்சுக்கிட்டே இருக்கீங்க. இப்பக்கூட.”

குனிந்து பார்த்தேன். தேய்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எனக்குத் துணைக்கு வீட்டுக்காரர் வருவார். ஒரு நாள் வராந்தாவில் ஆயா தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு போக, அதன் சக்கரம் தரையில் கரகரவென்று தேய்ந்தது. வெளியே வந்து பார்த்தால் இந்த மனுசன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார், சட்டை நனைந்திருக்கிறது. டாக்டர் அதைப் பார்த்தார். “சேட்டனும் ஒரு தடவ வந்து உக்காரலாமே” என்றார்.

“எனக்கு என்ன டாக்டர்? நான் கல்லு மாதிரி இருக்கேன்.”

“கல்லுக்கு வேர்க்காது” என்று டாக்டர் சிரித்தார்.

வீட்டுக்காரரும் டாக்டரிடம் போக ஆரம்பித்தார். என்னிடம் கேட்டார்கள், உங்களுக்குச் சம்மதமா, அதே டாக்டரே அவரையும் பார்க்கலாமா என்று. நான் சம்மதம் என்றேன். ஆனை முன்னால் நின்று என்னைக் காப்பாற்றிய கதையைத்தானே அங்கே போய்ச் சொல்லப் போகிறார், சொல்லட்டும், மனசு பாரம் இறங்கட்டும் என்று நினைத்தேன். எனக்கு அவர்மேல் இரக்கமாகக்கூட இருந்தது. பொய் என்று தெரியாமலே ஒரு பொய்யைச் சுமக்கிறாரே என்று.

மழைக்காலம் முடிந்த சமயம். சாயங்காலம் நான் மரவள்ளிக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் பேக்டரியிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு நிலைப்படியில் உட்கார்ந்தார்.

“நாளையிலருந்து நான் அவுகளுக்கு முன்னால போகல, புள்ள.”

“ஏன், காலு வலிக்குதா?”

“டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன்.”

“காலு வலியவா?”

“கைய விட்டத.”

கிழங்கு கையிலிருந்து உருண்டு அவர் பக்கம் போனது. அவர் அதை எடுத்துச் சட்டியில் போட்டார். என்னைப் பார்க்கவில்லை. “எப்பமோ சொல்லிட்டேன். உங்கிட்டச் சொல்லத்தான் நேரமாயிட்டு” என்றார். எழுந்து பின்பக்கம் விறகு வெட்டப் போய்விட்டார்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, அதுதான் வேடிக்கை. என் புத்தி நேராகக் கீழே டவுனுக்குப் போனது. அவள் சொல்லிவிட்டாள். சொன்னதை டாக்டர் எடுத்து அவரிடம் கேட்டிருக்கிறார். கேட்டதும் மனுசன் ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் பொத்திப் பொத்தி வைத்ததை அந்த ‘ங்க’க்காரி தூக்கி வீதியில் போட்டுவிட்டாள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டேனே. சாமியாரிடம் சொன்ன மாதிரி என்றேனே. அன்றைக்கு ராத்திரி அவளை மனசுக்குள் என்னென்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது.

மறுநாள் என் முறை இல்லை. இருந்தாலும் முதல் பஸ்ஸில் போனேன். அவள் அப்போதுதான் அறையைத் திறந்துகொண்டிருந்தாள்.

“ஏம்மா, உனக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்?” அன்றைக்கு மேடம் இல்லை.

“உள்ள வாங்கக்கா.”

“உள்ள வர மாட்டேன். உள்ள வந்து சொன்னதுதான் இன்னிக்கு எங்க வீட்டு நிலைப்படியில வந்து உக்காந்திருக்கு. கை விஷயத்த ஏன் சொன்ன?”

“நான் சொல்லலீங்க.”

“பொறகு அவருக்கு எப்பிடித் தெரியும்?”

அவள் சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள். பிறகு மெதுவாக, “அக்கா, கைய விட்டதே அவருதானுங்க. அவருக்குத் தெரியாதுங்களா?” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது நினைத்தாலும் வருகிறது, ஆனால் நல்ல சிரிப்பில்லை. அங்கே இருந்தது இரண்டே பேர். அதில் ஒருத்தரிடமிருந்தே நான் அதை ஒளித்து வைத்திருந்தேன். அவர் மறந்திருப்பார் என்று நானாக நினைத்து, நானாக அவரை மன்னித்து, நானாகத் தூங்காமல் கிடந்தேன். அவரோ பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, எனக்குத் தெரியுமா தெரியாதா என்று தூங்காமல் கிடந்திருக்கிறார்.

அதோடு போயிருந்தால் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருப்பேன். ஆனால் எனக்குத்தான் எதையும் அப்படியே விடத் தெரியாதே.

“அவரு டாக்டர்கிட்டச் சொன்னது உனக்கு எப்பத் தெரியும்?”

அவள் என் தோளைத் தொட வந்தாள், நான் விலகிக்கொண்டேன்.

“டாக்டரும் நீயும் கலந்து பேசுவீங்களே. எப்பத் தெரியும்?”

“ஓணத்துக்கு முன்னாடியேங்க.”

ஓணத்துக்கு முன்னாடி. அப்படியென்றால் அதற்குப் பிறகு எத்தனை வியாழக்கிழமை நான் இந்த அறையில் உட்கார்ந்து, ‘பாவம், அவருக்கு ஞாபகமே இல்லை மேடம், அவருக்கு மட்டும் ஞாபகம் வந்துவிட்டால் என் குடும்பம் என்ன ஆகும்’ என்று மூக்கைச் சிந்தியிருக்கிறேன். இவள் தலையை ஆட்டிக்கொண்டு, தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தெரிந்துகொண்டே.

“எனக்கு ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா உனக்கு?”

“தினமும் தோணுச்சுங்க. அது அவரு டாக்டர்கிட்டச் சொன்னதுங்கக்கா. அத நான் உங்ககிட்டச் சொன்னேன்னா, நீங்க சொன்னதையும் ஒரு நா அவருகிட்டச் சொல்லுவேன்னு ஆயிடுமுங்க. உங்களுதையும் டாக்டர்கிட்டச் சொல்லல, அவருதையும் உங்ககிட்டச் சொல்லல. அவரே உங்ககிட்டச் சொல்லட்டும்னுதான் டாக்டர் அவரோட பேசிட்டிருந்தாரு.”

ரகசியம் காக்க வேண்டும் என்று கேட்டவள் நான்தான். காத்தாள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அவள் சொன்னது ஒவ்வொன்றும் நியாயம்தான். நியாயமாக இருந்ததனால்தான் எனக்கு அவ்வளவு எரிந்தது. எனக்காகப் பூட்டுகிறாள் என்று நினைத்த கதவுக்கு வெளியே நானும்தான் நின்றிருக்கிறேன்.

“நல்லாத்தான் காப்பாத்துனீங்க எல்லாரும்” என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டேன்.

ஒரு மாதம் நான் போகவில்லை. வீட்டில் இரண்டு பேரும் உப்பு, புளி தவிர எதுவும் பேசவில்லை. அவர்தான் கடைசியில், “டாக்டர் ரெண்டு பேரையும் ஒண்ணா வரச் சொல்லுதாரு. நீ வரலைன்னா பரவால்ல. நான் மட்டும் போயி உக்காந்திருப்பேன்” என்றார். தனியாகப் போய் இன்னும் என்ன சொல்லுவாரோ, அதையும் நான் கடைசியாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமோ என்ற பயத்தில் போனேன்.

நாலு நாற்காலி போட்டிருந்தார்கள். டாக்டர் செருப்பைக் கழற்றினார். அவள் என் பக்கத்தில் உட்கார வந்தாள். நான் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

“யாரு முதல்ல பறையுது?” என்றார் டாக்டர்.

நான் சொன்னேன். வருசத்துக்கு மேல் அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தது. “நீங்க கைய விட்டீங்க.”

“ஆமா” என்றார் வீட்டுக்காரர்.

அவ்வளவு சுலபமாக இருந்தது. இந்த ஒரு ‘ஆமா’வுக்குத்தான் இத்தனை பஸ் ஏறினேனா என்று இருந்தது. “பயத்துல தெரியாம விட்டுட்டீங்க, எனக்கு அது தெரியும்” என்று நானே அவருக்கு ஒரு வழியும் சொன்னேன். பழக்கம்.

அவர் தலையை ஆட்டினார். “தெரியாமன்னு சொல்ல முடியாது, புள்ள. விட்டுட்டு ஓடுனேன். சிலுவையடி கிட்டப் போயி திரும்பிப் பாத்தேன். பனி கொஞ்சம் வெலகிச்சு. நீ கானுக்குள்ள கெடந்தது தெரிஞ்சுது. உன் சிவப்புத் துண்டு தெரிஞ்சுது. பாத்துட்டுத்தான் மறுபடியும் ஓடுனேன்.”

இது எனக்குத் தெரியாதது. கை விட்டதை நான் பயத்தின் கணக்கில் எழுதி வைத்திருந்தேன். திரும்பிப் பார்த்ததை எந்தக் கணக்கில் எழுத? அவர் அழுதுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

“இதுவும் உனக்குத் தெரியும்.”

அவள் கண் நிறைந்திருந்தது. “தெரியுமுங்க” என்றாள்.

டாக்டரைப் பார்த்தேன். அவர் கண்ணைத் தாழ்த்தவில்லை. “தெரியும் சேச்சி. நீங்க கோபப்படலாம். எங்கமேலயும் படலாம்.”

“உங்ககிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் கோபப்படணுமா?” என்றேன். அந்த ஆஸ்பத்திரியில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. “இனிமே நீங்க ரெண்டு பேரும் என்னப் பத்திப் பேசுறதா இருந்தா, நானும் அங்க ஒரு நாற்காலி போட்டு உக்காருவேன். எனக்குப் புரியாத வார்த்த வந்தா நிறுத்திச் சொல்லணும். வராந்தா ஓரத்துல நின்னு பேசுற வேல வேண்டாம்.”

டாக்டர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள். “அதிலே தப்பொண்ணும் இல்ல” என்றார் டாக்டர். வீட்டுக்காரர் பற்றிப் பேசும்போது மட்டும் நான் வெளியே போய்விட வேண்டும் என்றார். சரி என்றேன். அப்படித்தான் இப்போது நடக்கிறது. அவர்கள் பேசுவதில் பாதி சாதாரண விஷயம்தான், எத்தனை நாள் தூங்கினாள், காட்டுக்குப் போனாளா என்று. நான் உட்கார்ந்து கேட்கிறேன். அவள்மேல் எனக்குப் பழைய பிரியம் திரும்பவில்லை. தூக்கம் திரும்பிவிட்டது. இரண்டும் ஒன்றாக வரும் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு வேலைக்கு இறங்க முடிந்த முதல் நாள், பேர் கொடுக்க மஸ்டருக்குப் போகிற வழியில் லயத்து முக்கில் பெண்கள் எல்லாரும் எனக்காக நின்றிருந்தார்கள். அண்ணன் முன்னால் வருவதை எப்போதோ நிறுத்திவிட்டார், தன்னடக்கம் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் வந்தார். மதினி அவரை விடவில்லை.

“ஏண்ணே, நாங்க என்ன கொற வச்சோம்? இத்தன நாளாச்சு, முன்னால வரவே மாட்டேங்கறீகளே?”

“நான் அன்னிக்கு ஓடிப்போனவன் தாயி” என்றார் அவர்.

எல்லாரும் சிரித்தார்கள். “பாத்தியாட்டி, அண்ணனுக்குப் பெருமையே பிடிக்காது” என்றாள் ஒருத்தி.

“நெசமாத்தான் சொல்லுதேன்.”

“மதினி, நீங்க சொல்லுங்க. ஆனை முன்னால நின்னாரா இல்லையா?” என்று இன்னொருத்தி என்னைக் கேட்டாள்.

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. அவரும் பார்த்தார். ‘விடுங்கட்டி, நேரமாச்சு’ என்று சொல்லி நடந்திருக்கலாம். வருசமெல்லாம் அதைத்தானே செய்தேன். அவர் முகத்தில் நான் அப்படித்தான் செய்வேன் என்ற நம்பிக்கை கொஞ்சம் இருந்த மாதிரி எனக்குப் பட்டது. அதைப் பார்த்ததும்தான் வாய் திறந்தது.

“நிக்கல. கைய விட்டுட்டு ஓடுனாரு. பொறகு ஆளுகளோட வந்தாரு.”

சிரிப்பு நின்றது. மதினி என்னை ஒரு மாதிரி பார்த்தாள், பூசையில் துணி அவிழ்ந்தவளைப் பார்க்கிற மாதிரி. புருசனை இப்படி நாலு பேருக்கு முன்னால் சொல்லுவாளா என்ற பார்வை. ஓடினவரை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. கடைசியில் வரிசையில் பின்னால் நின்ற ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண்தான் கேட்டாள்.

“அப்ப அத்தன நாளும் எங்களுக்கு முன்னால யாரு போனா?”

கொஞ்ச நேரத்தில் எல்லாரும் ஒரு கும்பலாக, தகரத்தைத் தட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நானும் அந்தக் கும்பலுக்குள் நடந்தேன். அவர் கொஞ்சம் தள்ளி ஓரமாக வந்தார். பேக்டரிக்குப் பிரிகிற இடம் வந்ததும் என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், “கோவமா?” என்றார்.

“ஆமா.”

“எப்பப் போகும்?”

“எனக்கு எப்பிடித் தெரியும்? டாக்டர்கிட்டக் கேளுங்க. நம்ம வீட்டு விஷயம் அங்கதான மொதல்ல தெரியும்” என்று சொல்லிவிட்டு, நான் காட்டுப் பக்கம் திரும்பினேன்.